ஒபாசிட்டியை எதற்குக் கொடுக்கிறீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

புள்ளிகளாக இல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாக வரையும் வெக்டர் ஓவியம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒபாசிட்டியில், அதாவது ஒரு வடிவம் அடியில் இருப்பதை எவ்வளவு மூடுகிறது என்ற அளவில், வந்து முட்டி நிற்கின்றன. அதனால் இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப், கோரல்டிரா என்று ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கிறீர்கள். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும். உள்ளே நடக்கிற கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

கேள்வி: மேடம், குழந்தைகள் புத்தகத்துக்குத் தட்டாம்பூச்சி வரைகிறேன். இறக்கைகளைத் தேர்வு செய்து ஒபாசிட்டியை 25 ஆக்கினால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சேருமிடத்தில் திட்டு விழுகிறது, நரம்புகளும் மங்கிப்போகின்றன. குரூப் செய்துவிட்டுக் குறைத்தால் திட்டு போய்விடுகிறது. ஆனால் இறக்கை உயிரில்லாமல் தட்டையாகிவிடுகிறது. எதுதான் சரி?

பதில்: இரண்டுமே மென்பொருள் சரியாகச் செய்த வேலைதான். ஆனால் நீங்கள் கொடுத்தவை இரண்டு வேறு கட்டளைகள். பல பொருள்களைத் தேர்வு செய்து ஒபாசிட்டியைக் குறைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே மெலிகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இரண்டும் சேர்ந்து அடர்த்தியாகிறது. குரூப் செய்து அந்தக் குரூப்புக்குக் குறைத்தால், உள்ளே இருப்பதை முழு அடர்த்தியில் ஒரே படமாகக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் அந்த ஒற்றைப் படத்தை மென்பொருள் மெலியவைக்கிறது. அதனால் உள்ளே எது எதன்மேல் இருந்தாலும் திட்டு விழாது. அடியில் இருக்கும் இறக்கை மேலே இருப்பதன் வழியாகத் தெரியவும் தெரியாது.

என்னிடம் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் "எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "எதற்கு வைக்கப்போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஃபில்லுக்கா (உள்ளே நிரப்பும் நிறம்), ஸ்ட்ரோக்குக்கா (ஓரக்கோடு), முழுப் பொருளுக்கா, குரூப்புக்கா, லேயருக்கா? இது முடிவாகிவிட்டால், எண்ணை ஸ்லைடரை இழுத்துக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். இது முடிவாகாதவரை எண்ணை எப்படி மாற்றினாலும் படம் சரியாகாது. இந்த இதழில் வரும் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

சரி, தட்டானுக்கு வருவோம். நிஜத் தட்டானின் இறக்கையைக் கிட்டத்தில் பாருங்கள். சவ்வு ஒளியை விடுகிறது. அதைத் தாங்குகிற நரம்பு வலை விடுவதில்லை. முன்விளிம்பில் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன நிறத்திட்டு இருக்கும், அதுவும் அடர்த்தியானது. ஆக, ஒரே இறக்கையில் மெலிய வேண்டியது ஒன்று, மெலியக் கூடாதவை இரண்டு. மொத்த இறக்கைக்கும் ஒரே ஒபாசிட்டி கொடுத்ததால்தான் நரம்பு மங்கியது.

அடியில் சவ்வு வடிவம்: ஸ்ட்ரோக் வேண்டாம், ஃபில்லுக்கு மட்டும் 25. அதன்மேல் நரம்புகள்: 100, மெல்லிய கோடு, முன்விளிம்பில் மட்டும் தடிமன். அதற்கும் மேலே அந்த நிறத்திட்டு, இதுவும் 100. மூன்றையும் குரூப் செய்யுங்கள். குரூப்பின் ஒபாசிட்டியைத் தொடாதீர்கள், 100-லேயே இருக்கட்டும். இதேபோல மற்ற மூன்று இறக்கைகள். இப்போது முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சேருமிடத்தில் சவ்வு கொஞ்சம் அடர்த்தியாகும், ஏறக்குறைய 44 சதவீதம். பின்னிறக்கையின் நரம்பு முன்னிறக்கையின் சவ்வு வழியே லேசாக மங்கித் தெரியும். எது மேலே, எது கீழே என்று கண் உடனே புரிந்துகொள்ளும். நீங்கள் திட்டு என்று நினைத்து அழிக்கப் பார்த்தது, அந்த இறக்கைக்கு ஆழம் கொடுக்கிற இடம். அதை விட்டுவிடாதீர்கள். உடலை மட்டும் எல்லா இறக்கைகளுக்கும் மேலே கொண்டுவாருங்கள். இறக்கை பொருந்தும் அடிப்பகுதி அதில் மறைந்துவிடும்.

அதே தட்டானின் நிழல் இலையில் விழுகிறது என்றால் கதையே வேறு. இறக்கைகள் நான்கானாலும் இலைமேல் விழுவது ஒரே நிழல். அதைத் தனித்தனி வடிவங்களாக மெலியவைத்தால் காலும் உடலும் சேருமிடமெல்லாம் கறுத்து, நிழல் துண்டு துண்டாகத் தெரியும். இறக்கைக்கு வெளிர் சாம்பல், உடலுக்கும் காலுக்கும் அடர் சாம்பல் கொடுத்து, உள்ளே எல்லாமே 100-ல் இருக்கும்படி குரூப் செய்து, குரூப்புக்கு மட்டும் மல்டிப்ளை (நிறங்களைப் பெருக்கிக் கலக்கும் முறை, கீழே விளக்குகிறேன்) வையுங்கள். போதாமல் போனால் ஒபாசிட்டியையும் அந்தக் குரூப்பிலேயே குறையுங்கள்.

கேள்வி: 50 சதவீதக் கறுப்பின்மேல் இன்னொரு 50 சதவீதக் கறுப்பு வைத்தால் முழுக் கறுப்பு வரவில்லையே, ஏன்?

பதில்: ஒவ்வொரு அடுக்கும் அடியில் மிச்சமிருப்பதில்தான் தன் பங்கை மூடுகிறது. முதல் அடுக்கு பாதியை மூடிவிட்டது. இரண்டாவது, மிச்சப் பாதியில் பாதியை மூடுகிறது. மொத்தம் 75. மூன்றாவது வைத்தால் 87.5. பத்து அடுக்கு வைத்தாலும் 99.9-ஐ ஒட்டித்தான் நிற்கும், முழுதாக மூடாது. மேலே சொன்ன இறக்கையில் 25-ம் 25-ம் சேர்ந்து 50 ஆகாமல் 44 ஆனதும் இதனால்தான்: முதல் சவ்வு விட்ட 75-ல் கால் பங்கை இரண்டாவது எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. வெள்ளைத் தாளில் நீலம், அதன்மேல் சிவப்பு, இரண்டும் 50 என்றால், சேருமிடத்தில் சிவப்பு 50 பங்கு, நீலம் 25, தாள் 25. வரிசையை மாற்றினால் நீலம் ஆதிக்கம் செலுத்தும். மேலே இருப்பவருக்குத்தான் பெரிய பங்கு.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு 'எவ்வளவு மூடுகிறது' என்ற எண்ணையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் ஆல்ஃபா சேனலை 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் கொண்டுவந்தார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு படத்தை இன்னொன்றின்மேல் அடுக்கும் கணக்கை தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-ல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். நீங்கள் ஸ்லைடரை இழுக்கும்போது ஓடுவது இன்றைக்கும் அதே கணக்குதான். சினிமாவுக்குப் பயன்பட்டதற்காக இந்த நால்வருக்கும் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் நாள் முழுக்க உபயோகிக்கிற ஒன்றைக் கொடுத்தவர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நீல வட்டத்தின்மேல் மஞ்சள் வட்டத்தை 50 சதவீதத்தில் வைத்தேன். நடுவில் பச்சை வரும் என்று பார்த்தால் சாம்பல் வருகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கணக்கு. ஆர்.ஜி.பி. என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் 0 முதல் 255 வரை எண்ணாகச் சொல்லும் முறை. அதில் மஞ்சள் என்பது 255, 255, 0. நீலம் 0, 0, 255. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் மூன்று எண்களும் 128-ஐ ஒட்டி வந்து நிற்கும். மூன்றும் சமம் என்றால் அது சாம்பல்தான். ஒபாசிட்டி என்பது இரண்டு நிறங்களுக்கு நடுவே சராசரி எடுப்பது. சாயம் கலப்பது அல்ல.

உங்களுக்கு வேண்டியது மல்டிப்ளை. கலர் கண்ணாடித்தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி இருக்குமோ, அந்த விளைவை அது தரும். ஆனால் இதே மஞ்சளையும் இதே நீலத்தையும் வைத்து மல்டிப்ளை போட்டால் கறுப்பு வரும், பயந்துவிடாதீர்கள். மஞ்சளில் நீலத்துக்கான எண் பூஜ்யம். நீலத்தில் மற்ற இரண்டும் பூஜ்யம். பெருக்கினால் எல்லாமே பூஜ்யம். நீலத்துக்குப் பதில் சயான் எடுங்கள்: 0, 255, 255. மஞ்சளோடு பெருக்கினால் பளிச்சென்ற பச்சை. ஒபாசிட்டியைத் தொடவே வேண்டாம், இரண்டும் 100-லேயே இருக்கலாம்.

கண்ணாடி, தண்ணீர், நிழல், வாட்டர்கலர் பூச்சு, இவற்றுக்கெல்லாம் நான் முதலில் மல்டிப்ளையைத்தான் போட்டுப் பார்ப்பேன். வெறும் ஒபாசிட்டி மூடுபனிக்கும் புகைக்கும் நன்றாக இருக்கும்; அவை நிஜமாகவே பின்னால் இருப்பதை மங்கச் செய்பவை. கண்ணாடி மங்கச் செய்வதில்லை, நிறமேற்றுகிறது. வரைவதற்கு முன் இந்த வித்தியாசத்தை யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பொருளைத் தேர்வு செய்தால் ஒபாசிட்டி 100 என்றுதான் காட்டுகிறது. ஆனால் மங்கலாகவே இருக்கிறது.

பதில்: அதற்கு மேலே இருப்பவர்களை விசாரியுங்கள். பொருள் 100, அது இருக்கும் குரூப் 60, குரூப் இருக்கும் லேயர் 50 என்றால், கடைசியில் திரைக்கு வருவது 30. இல்லஸ்ட்ரேட்டரில் லேயர்ஸ் பேனலைத் திறந்து, பெயருக்கு வலப்பக்கம் இருக்கும் சின்ன வட்டத்தைப் பாருங்கள். அது நிழல் போட்டு நிரம்பித் தெரிந்தால் அந்த லேயருக்கோ குரூப்புக்கோ ஏதோ ஒரு தோற்றப் பண்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் க்ளிக் செய்து அப்பியரன்ஸ் பேனலைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இங்க்ஸ்கேப்பில் ஒரே பொருளுக்குள்ளேயே இரண்டு இடம் உண்டு. ஃபில் நிறத்தில் 'ஏ' என்ற ஆல்ஃபா ஸ்லைடர் ஒன்று. அந்தப் பேனலின் அடியில் முழுப் பொருளுக்கான ஒபாசிட்டி இன்னொன்று. இரண்டிலும் 50 இருந்தால் ஃபில் 25 ஆகத்தான் தெரியும்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் 30 வைத்தால் லேசாகத் தெரிகிறது. கோரல்டிராவில் 30 வைத்தால் அடர்த்தியாக இருக்கிறதே?

பதில்: இல்லஸ்ட்ரேட்டர் கேட்பது 'எவ்வளவு மூடட்டும்' என்று. கோரல்டிரா கேட்பது 'எவ்வளவு ஊடுருவட்டும்' என்று. அங்கே 30 என்றால் இங்கே 70. லிப்ரேஆஃபீஸ் டிராவும் கோரல்டிரா பக்கம்தான். ஒருவர் செய்த படத்தை இன்னொருவர் வேறு மென்பொருளில் தொடரும்போது எண்ணை மட்டும் வாயால் சொல்லாதீர்கள். 'ஒபாசிட்டி 30' என்றோ 'டிரான்ஸ்பரன்சி 70' என்றோ பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தடித்த பார்டர் உள்ள பெட்டி. ஸ்ட்ரோக்கின் ஒபாசிட்டியை 50 ஆக்கியதும் பார்டர் இரண்டு நிறமாகப் பிளந்துவிட்டது.

பதில்: ஸ்ட்ரோக் வழக்கமாகப் பாதையின் நடுவே உட்காரும், பாதி உள்ளே, பாதி வெளியே. 20 புள்ளி தடிமன் என்றால் 10 புள்ளி ஃபில்லின்மேல் கிடக்கிறது. ஸ்ட்ரோக்கை மெலியவைத்ததும் உள்பாதியில் ஃபில் தெரிகிறது, வெளிப்பாதியில் பின்னணி தெரிகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்ட்ரோக்கை வெளிப்பக்கம் தள்ளிவிடலாம், அல்லது ஸ்ட்ரோக்குக்கு அடியில் ஃபில் தெரியாமல் செய்யும் நாக்அவுட் குரூப்பைப் பொருளுக்குப் போடலாம். இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் நடுவில்தான் இருக்கும். அங்கே ஸ்ட்ரோக்கைப் பாதையாக மாற்றி, ஃபில்லிலிருந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். பெட்டி மொத்தமுமே மெலிய வேண்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம், பொருளின் ஒபாசிட்டியைக் குறைத்தால் போதும்.

கேள்வி: அக்கா, தலைப்பு எழுத்தை அவுட்லைனாக மாற்றி மெலியவைத்தேன். 'கி', 'தீ' மாதிரி எழுத்துகளில் கொக்கி சேருமிடம் மட்டும் கறுக்கிறது.

பதில்: சில ஃபான்ட்களில் அந்தக் கொக்கி தனி வடிவமாக வந்து மெய்யின்மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். முழு நிறத்தில் இருக்கும்வரை தெரியாது, மெலிந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தின் துண்டுகளை ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட், இங்க்ஸ்கேப்பில் யூனியன். பக்கத்திலேயே இருக்கும் கம்பைனைத் தொட வேண்டாம், அதில் மேலே படிந்த இடம் ஓட்டையாகிவிடக்கூடும். எழுத்து பின்னால் மாறும் என்று தோன்றினால் யுனைட்டும் வேண்டாம், குரூப் செய்து குரூப்புக்குக் குறையுங்கள்.

கேள்வி: சூரிய ஒளி மங்கிக்கொண்டே போய் மறைவதுபோல் கிரேடியன்ட் வைத்தேன். அடர்நீல வானத்தின்மேல் வைத்ததும் ஓரம் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிட்டது.

பதில்: மறுமுனையில் வெள்ளையை வைத்து அதன் ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கியிருப்பீர்கள். பூஜ்யம்தானே, என்ன நிறமாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் வழியில் நிறமும் ஒபாசிட்டியும் தனித்தனியே நகர்கின்றன. நடுவழியில் நிறம் பாதி மஞ்சள் பாதி வெள்ளை, ஒபாசிட்டி 50. அந்த வெள்ளைதான் வானத்தின்மேல் தெரிகிறது. மறுமுனையில் கறுப்பு இருந்திருந்தால் அழுக்குப் படிந்தாற்போல் இருந்திருக்கும். இரண்டு முனையிலும் அதே மஞ்சளை வைத்து, ஒரு முனையில் மட்டும் ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்குங்கள். இணையத்துக்கான வெக்டர் வடிவமான எஸ்.வி.ஜி. ஃபைலிலும் இதே விதி.

கேள்வி: லோகோவை வெள்ளைப் பின்னணியில் செய்து கொடுத்தேன். அவர்கள் அதை ஆரஞ்சுப் பின்னணியில் வைத்ததும் வெளிர்நீலப் பகுதிகள் சேறுபோல் ஆகிவிட்டன.

பதில்: அது வெளிர்நீலம் இல்லை, மெலிந்த நீலம். முழு நீலத்தை 30 சதவீதமாக்கி வெள்ளையில் வைத்தால் 179, 179, 255 என்ற வெளிர்நீலம்போலவே தெரியும். கண்ணால் பிரித்தறிய முடியாது. பின்னணி மாறிய அன்றைக்குத்தான் தெரியவரும். பின்னால் ஏதாவது தெரிய வேண்டும் என்றால் மட்டும் ஒபாசிட்டி. நிறம் வெளிறினால் போதும் என்றால் வெளிறிய நிறத்தையே எடுங்கள். லோகோவில் ஒபாசிட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

நான் வரையும் ஃபைல்கள் எல்லாவற்றிலும் அடியில் பூட்டிய லேயர் ஒன்று வைத்திருப்பேன்: கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஒரு செவ்வகம். வேலை முடியும் தறுவாயில் அதை ஆன் செய்தால் எந்தப் பகுதி நிஜமாகவே ஊடுருவுகிறது, எது வெளிர்நிறம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம் ஆஃப்.

எழுத்துக்கும் இதையே சொல்வேன். கறுப்பு எழுத்தை மென்மையாக்க ஒபாசிட்டியைக் குறைக்கிறவர்கள் அதிகம். இணையத்துக்கான அணுகல் வழிகாட்டுதல்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் 60 சதவீதக் கறுப்பு ஏறக்குறைய 5.7 வந்து தப்பித்துவிடும். 50-க்கு இறக்கினால் 4-ஐ ஒட்டி வந்து தோற்றுவிடும். அதுவும் வெள்ளைப் பின்னணியில். பின்னால் படம் இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பார்வை மங்கியவர்களும் படிக்க வேண்டும் அல்லவா? எழுத்தை மெலியவைக்காதீர்கள், நிறத்தை மாற்றுங்கள்.

கேள்வி: புகையும் நிழலும் நிறைந்த அட்டைப்படம். அச்சகம் கேட்டபடி பி.டி.எஃப்/எக்ஸ்-1ஏ ஆகச் சேமித்தேன். திரையில் திறந்தால் படம் முழுக்க முடிபோல வெள்ளைக் கோடுகள். நிழலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன எழுத்துகளும் தடித்துவிட்டன. ஒரு நிழலைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வேறு. என்ன செய்வது?

பதில்: மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்று. அச்சு உலகம் 1980களிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் ஓடியது. அந்த மொழியில் வைத்த நிறம் அடியில் இருப்பதை முழுதாக மூடிவிடும். ஊடுருவுதல் என்ற பேச்சே கிடையாது. இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல் வந்தது, ஆனால் நிஜமான டிரான்ஸ்பரன்சி 2000-ல் வந்த 9-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு பி.டி.எஃப். 1.4 அதை ஏற்றுக்கொண்டது. நீங்கள் சேமித்த எக்ஸ்-1ஏ, அச்சுக்கென்று வகுத்த ஒரு பி.டி.எஃப். தரம்; அதற்கு முந்தைய 1.3-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் டிரான்ஸ்பரன்சிக்கு அனுமதி இல்லை.

அதனால் மென்பொருள் உங்கள் படத்தைத் தட்டையாக்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒவ்வொரு பகுதியையும் தனித் துண்டாக வெட்டி, அங்கே கடைசியாகத் தெரிய வேண்டிய நிறத்தைக் கணக்கிட்டு நிரப்பி, துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்குகிறது. முடியாத இடங்களைப் புள்ளிப் படமாக மாற்றுகிறது.

முதலில் வெள்ளைக் கோடு. இரண்டு துண்டுகள் சந்திக்கும் விளிம்பு ஒரு திரைப்புள்ளியின் நடுவே ஓடுகிறது என்று வையுங்கள். முதல் துண்டு அந்தப் புள்ளியில் பாதியை மூடுகிறது. இரண்டாவதும் பாதி. ஆனால் திரையில் காட்டும் நிரல் அதை 50-ம் 50-ம் அடுக்கியதாகவே கணக்கிடுகிறது. மேலே ஒரு கேள்வியில் பார்த்த அதே கணக்கு. விடை 75. மிச்சம் 25 பின்னணி எட்டிப் பார்க்கிறது, அதுதான் அந்த முடி. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் பெரிதாகியும் கோடு மட்டும் அதே மெல்லிசாக இருந்தால் அது திரையின் வேலை, அச்சுத் தகட்டுக்கு வராது. படத்தோடு சேர்ந்து கோடும் தடிக்கிறது என்றால் நிஜமான இடைவெளி; வரைந்த வடிவங்களையே போய்ப் பாருங்கள். அந்த பி.டி.எஃபிலிருந்து பி.என்.ஜி. எடுத்தால் திரைக் கோடுகளும் அதில் பதிந்துவிடும், ஆகவே பி.என்.ஜி. வேண்டுமானால் மூல ஃபைலிலிருந்தே எடுங்கள்.

எழுத்து தடித்தது, அது நிழலுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால். தட்டையாக்கும்போது எழுத்தும் வடிவமாக மாறிவிடுகிறது, கொஞ்சம் சதை போடுகிறது. எழுத்துகளுக்கென்று தனி லேயர் வைத்து அதை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

வெள்ளைப் பெட்டி பெரும்பாலும் ஸ்பாட் கலர்மேல் (தனி மையாக அச்சிடும் நிறம்) விழும் நிழலில் வரும். அக்ரோபேட்டில் ஓவர்பிரிண்ட் பிரிவியூவை (ஒரு மையின்மேல் இன்னொரு மை அச்சாவதைத் திரையில் காட்டும் வசதி) ஆன் செய்யுங்கள். பெட்டி மறைந்தால் ஃபைல் சரி, பார்க்கும் விதம்தான் தப்பு. ஆனாலும் ஓவர்பிரிண்டை மதித்து அச்சிடும்படி அச்சகத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஸ்பாட் கலரைத் தனி மையாக அச்சிடப்போவதில்லை என்றால் அதை வழக்கமான நான்கு அச்சு மைகளான சி.எம்.ஒய்.கே.வாக மாற்றிவிடுவதுதான் நிம்மதி.

இதையெல்லாம் செய்வதற்கு முன், எக்ஸ்-4 வாங்கிக்கொள்வார்களா என்று அச்சகத்தில் கேளுங்கள். 2008-ல் வந்த அந்தத் தரம் டிரான்ஸ்பரன்சியை அப்படியே அனுமதிக்கிறது. வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. பழக்கத்தில் எக்ஸ்-1ஏ கேட்பார்கள், கேட்டுப் பார்த்தால் எக்ஸ்-4-க்குச் சரி என்று சொல்லவும் கூடும். இன்னொன்று: நிழலின் மங்கல் ஓரம் எப்படியும் புள்ளிப் படம்தான். எஃபெக்ட் மெனுவில் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்கைத் திறந்து அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்துக்காகத் தொடங்கிய ஃபைலில் அது 72 ஆக இருக்கும், அச்சில் நிழல் பொரிப்பொரியாக வரும்.

கேள்வி: மாஸ்க்குக்கு அழகான நீலத்தில் கிரேடியன்ட் போட்டேன். படமே காணாமல் போய்விட்டது.

பதில்: மாஸ்க் என்பது படத்தின் எந்தப் பகுதி எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் வடிவம். அதற்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். எஸ்.வி.ஜி. விதிப்படி வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதாவது நீங்கள் போட்ட நீலம் மாஸ்க்குக்குக் கிட்டத்தட்ட கறுப்பு. கறுப்பு-வெள்ளையிலேயே வரையுங்கள். கூர்மையான விளிம்பு மட்டும் போதும் என்றால் மாஸ்க்கே வேண்டாம், ஒரு வடிவத்தின் ஓரத்தோடு படத்தை வெட்டிக் காட்டும் கிளிப்பிங் பாத் போதும், ஃபைலும் கனக்காது.

கேள்வி: கட்டம்போட்ட பின்னணியோடு சேமித்தேன், ஜே.பி.ஜி.யில் வெள்ளையாகிவிட்டது.

பதில்: கட்டம் படத்தில் இல்லை, இங்கே ஒன்றுமில்லை என்று மென்பொருள் காட்டும் அடையாளம் அது. ஜே.பி.ஜி.யில் ஆல்ஃபா கிடையாது, அதனால் வெள்ளை நிரப்பிவிடும். பி.என்.ஜி. எடுங்கள், 256 படி ஊடுருவலைத் தாங்கும். ஜி.ஐ.எஃப்.பில் ஒரு புள்ளி ஒன்று இருக்கும் அல்லது இருக்காது; நிழல் ஓரம் கரடுமுரடாகிவிடும்.

கேள்வி: வினைல் ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்த படத்தில் 40 சதவீத இலை ஒன்று இருந்தது. முழு நிறத்தில் வந்திருக்கிறது.

பதில்: கத்திக்கு ஒபாசிட்டி தெரியாது. பாதை எங்கே போகிறதோ அங்கே வெட்டும், அவ்வளவுதான். அந்த இலைக்கு நிஜமான வெளிர்நிற வினைலைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இலையைக் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ உடைத்து வரையுங்கள், ரொம்பப் பொடியாக வேண்டாம், உரிக்கும்போது கையோடு வந்துவிடும். கொடுக்கும் முன் இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஒய் அழுத்தி அவுட்லைனில் பாருங்கள். நிறமும் நிழலும் போய் வெறும் கோடுகள் நிற்கும். கத்தி ஓடப்போவது அந்தக் கோடுகளில்தான்.